நாக்கு கலக்கிய சாஸ்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் இருக்கிற பிள்ளையும் இப்படி வா. அங்கே உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். பசியோடு வந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். இது சாப்பாட்டுக் கதை, வெறும் வயிற்றில் கேட்டால் பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள். நாக்கு போன ஒரு நாக்கின் கதை சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், யாரும் அறுக்கவில்லை. வாய்க்குள் பத்திரமாகத்தான் இருந்தது. வேலைதான் செய்யவில்லை.

ஒரு நகரத்தில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் ஒருவர் இருந்தார். மாதா மாதம் தெருத் தெருவாகப் போவார். கடைகளின் பின்பக்கம் இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் அப்பியிருக்கும் சேற்றைத் துணியால் துடைத்து, உள்ளே ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். நமக்கெல்லாம் முன்முகம்தான் தெரியும்; அவருக்கு இரண்டும் தெரியும். வந்த மனுஷனை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று சமையல்காரர்கள் ஒரு கரண்டி எதையாவது நீட்டுவார்கள். வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, “இஞ்சி அவசரப்பட்டுடுச்சு” என்பார். இல்லாவிட்டால், “நேத்து எண்ணெய்” என்பார். சமையல்காரர் முகம் சுருங்கும். ஆனால் மறுத்துப் பேச மாட்டார், ஏனென்றால் அது நேற்றைய எண்ணெய்தான்.

இப்படியே சொந்தப் பெயர் தேய்ந்து ‘நாக்கு’ என்பதே பெயராகிவிட்டது. அலுவலகத்தில் மேலதிகாரிகூட, “நாக்கு சார், வெளியூர் ஆளுங்க வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போகலாம்?” என்றுதான் கேட்பார். புதுக்கடை திறந்தால் சொந்தக்காரர்கள் வாசலில் நின்று தயங்குவார்கள். “நாக்கு போய்ப் பாத்தாச்சா?” பார்த்துவிட்டால் உள்ளே போவார்கள். பார்க்காவிட்டால் பசியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

வீட்டுக்குள் வந்தாலும் அவர் நாக்காகவே இருந்தார். அங்கேதான் சங்கடம். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை செய்பவள். உடுப்புக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுப்பாள், விட்டுக் கொடுப்பாள். ஊரில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். அப்படிப்பட்ட பொறுமைசாலி. முப்பது வருஷமாக அவள் சமைத்துப் பரிமாறிவிட்டு, அடுக்களை வாசலில் சாய்ந்து துண்டில் கை துடைத்துக்கொண்டு நிற்பாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வார். “உப்பு ஒரு சிட்டிகை முன்னாடியே நின்னிருக்கலாம்.” “கத்தரிக்காய் வதங்கல, பயந்திருக்கு.” “மீன் நல்ல மீனு.” இந்தக் கடைசித் தீர்ப்பில் பாராட்டு மீனுக்குத்தான் என்பது அவளுக்குப் புரியும். உள்ளே போய்விடுவாள்.

இதற்கிடையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை, எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். வந்தது, படுக்க வைத்தது, போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி குடித்தால் சூடு தெரிந்தது, காபி தெரியவில்லை. டாக்டரிடம் போனார். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, “வரலாம். வராமலும் போகலாம்” என்றார். இதைச் சொல்லத்தான் அவர் அத்தனை வருஷம் படித்திருந்தார்.

வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் நாக்கு வந்தார். வந்தபோது தட்டில் மீன் இருந்தது. மனைவி வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மீனா நனைந்த அட்டையா என்று தெரியவில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லை.

“நல்லா இருக்கு” என்றார்.

“என்னது?”

“நல்லா இருக்குன்னேன்.”

அவள் உள்ளே போனாள். பிறகு பாத்திரம் தேய்க்கிற சத்தமும், அதோடு ஒரு முணுமுணுப்பும் கேட்டன. கல்யாணமான புதிதில் பாடுவாளே, அந்த மெட்டு. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் அக்காவிடம் போனில் பேசுவது கதவு வழியாகக் கேட்டது. “ஆமாக்கா, அவரேதான். நான் கேக்கக்கூட இல்ல. அவரா வாயத் திறந்து சொன்னாரு. … காய்ச்சலுக்கு அப்புறம் மனுஷன் மாறிட்டாருக்கா.” சோப்பு கண்ணில் எரிய எரிய அப்படியே நின்றார். இனி எந்த நாளைக்குச் சொல்வது?

மூன்று மாதம் ஓடியது. அவள் எதைப் போட்டாலும் ‘நல்லா இருக்கு’ என்றார். ஒரே வார்த்தை அலுத்துவிடுமே என்று இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அவள் புதிதாக ஒரு வாணலி வாங்கினாள். ஒரு சுற்று இளமையானாள் என்றே சொல்லலாம். நாக்கு ஒரு சுற்றுப் பெருத்தார். கால்சட்டை இடுப்பை அவளே விட்டுக் கொடுத்தாள்.

ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்ற பயம் அவருக்கு இல்லாமல் இல்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நாக்குப் போனால் பேரே போச்சு. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உண்மை தெரிந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும். முப்பது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையும் பொய் என்று ஆகிவிடும்.

இப்படி இருக்கையில் மகளுக்கு வேலை நிரந்தரமானது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எல்லாரையும் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித் தரப் போவதாகச் சொன்னாள்.

“ஷாபு ஷாபு சாப்பிடணும்பா. ஹாட் பாட்னும் சொல்றாங்க.”

“அப்படின்னா?” என்றாள் அம்மா.

“மேசை நடுவுல ஒரு சட்டியில தண்ணி கொதிக்கும்மா. கறிய காகிதம் மாதிரி சீவி, பச்சையா தட்டுல வெச்சிருப்பாங்க. நாமளே குச்சியால எடுத்து, தண்ணியில நனைச்சு, சாஸ் தொட்டுச் சாப்பிடணும்.”

“காசு குடுத்துட்டு நாமளே சமைக்கணுமா?”

“ஆமா.”

“பாத்திரம்?”

“அத அவங்க கழுவிடுவாங்க.”

“அப்போ சரி” என்றாள் அம்மா.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். “கூட வேலை பாக்குறவங்க ஆளுக்கு ஒரு கடை சொல்றாங்கப்பா. போன்ல பாத்தா எல்லாக் கடைக்கும் நாலரை ஸ்டார் போட்டிருக்கு. எத நம்புறது? நீங்க ஒருதடவ போய் நாக்க வெச்சுட்டு வந்துடுங்க, போதும்.”

“போய்ட்டா போச்சு” என்றார் நாக்கு. நெஞ்சுக்குள் ஒரு மூடி கனமாக விழுந்தது.

நல்லவேளை, அவருடைய சுற்றுக்குள்ளேயே மூன்று கடைகள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் போனார்.

முதல் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். சங்கு போலச் சுருட்டி உறைய வைத்த கறி, ரயில் பெட்டி மாதிரி ஓடும் பட்டையில் வரிசையாக வந்தது. வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் அம்மியது. நாக்கு வாயில் ஒன்றைப் போட்டார். குளிர்ந்தது, பிறகு சுட்டது. அதற்கு மேல் செய்தி இல்லை. ஆகவே எழுந்து பின்பக்கம் போய் மீட்டரைப் பார்த்தார். போன தடவை பார்த்த எண் நகர்ந்ததாகவே தெரியவில்லை. இத்தனை மேசை, இத்தனை சட்டி, இத்தனை தட்டு, இவ்வளவுதான் தண்ணீர். ஒன்று, இவர்கள் பாத்திரம் கழுவுவதில்லை. இல்லாவிட்டால் ஒரு மேசையில் மிஞ்சிய சூப் அடுத்த மேசைக்குப் போகிறது. எது என்று யோசிக்க அவர் விரும்பவில்லை. வெளியே வந்தார்.

இரண்டாவது கடையில் சூப் சிவப்பாக இருந்தது. மிளகாய் மேலே மிதந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தது. ஒரு வாய் குடித்தார். நாக்கு எரிந்தது! உதடு எரிந்தது, காது எரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு வாய்க்கு ஒரு சேதி வந்திருக்கிறது. சந்தோஷத்தில் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார். கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. கடைக்காரர் பக்கத்தில் வந்து மெல்ல, “வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே சார்?” என்று கேட்டார். இதையே சொல்லிவிடலாம் என்று நாக்குக்கு ஆசைதான். ஆனால் சாப்பிட வருகிறவர்களில் அவர் தங்கையும் உண்டு. அவளுக்கு வயிற்றில் புண். மிளகாயைப் படத்தில் பார்த்தாலே மாத்திரை போடுகிறவள். கூடப்பிறந்தவளைக் கொன்ற பாவம் வேண்டாம் என்று அதையும் விட்டார்.

மூன்றாவது கடை ஒரு மின்சாமான் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப் போக வேண்டும். ஆறே மேசை. கடைக்கார அம்மாள் தானே கறி சீவிக்கொண்டிருந்தாள். விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தெரிவார், அவ்வளவு மெல்லிசு. சட்டியில் வெறும் தண்ணீர், அதில் ஒரு துண்டு கடற்பாசி. வேறு ஒன்றும் இல்லை.

“எவ்வளவு நேரம் வேகணும்மா?”

“வேகவெல்லாம் வேணாம் சார். துணிய அலசுற மாதிரி ரெண்டு அலசு. நிறம் மாறுதோ இல்லையோன்னு இருக்கும்போது வாய்க்குள்ள இருக்கணும்.”

முதல் துண்டை யோசித்துக்கொண்டே விட்டுவிட்டார், செருப்புத் தோலாகிவிட்டது. அடுத்ததை அவசரப்பட்டு எடுத்தார், வழவழத்தது. அதற்கடுத்ததை அவள் சொன்னபடி இரண்டு அலசு அலசி வாயில் போட்டார். மெத்தென்று படிந்து, பல் படும் முன்பே விட்டுக்கொடுத்தது. ருசி தெரியவில்லை, ஆனால் நல்ல கறி என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பழைய நாக்காகவே ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் மீட்டரும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் கடை.

சுவரோரம் ஒரு மேடையில் கிண்ணங்களில் சாஸ் சாமான்கள் வரிசையாக இருந்தன. அவரவருக்கு வேண்டியதை அவரவர் கலந்துகொள்ள வேண்டும். அதைத் தொட்டு என்ன ஆகப்போகிறது என்று நாக்கு அந்தப் பக்கமே போகவில்லை. வழுக்கின இடம் அதுதான் கண்ணுங்களா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் படியேறினார்கள். நாக்கு, மனைவி, மகள், தங்கை, தங்கையின் புருஷன். அந்த மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கே உட்கார்ந்தாலும் யாராவது அவசரப்பட்டால் அவர் கால் தானாக ஒரு பிரேக்கை மிதிக்கும். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கும் கொஞ்சம் ஞானம் உண்டு என்று அவர் நம்பியிருந்தார். மச்சான் இருக்கிறவரை அது எடுபடவில்லை.

“சட்டி, தண்ணி, அடுப்பு” என்று மேசையைப் பார்த்துச் சொன்னார் மாப்பிள்ளை. “இத நம்ம வீட்லயே வெச்சுச் சாப்பிட்டிருக்கலாமே மச்சான்?”

“நீங்க கறிய சீவுவீங்களா?” என்றாள் தங்கை. “தேங்காய் உடைக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடுற ஆளு.”

சாஸ் மேடைக்கு முன்னால் போய் நின்றதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். “அண்ணே, நீங்க முதல்ல. நாங்க பாத்துப் பாத்துப் போட்டுக்குறோம்.”

நாக்கு கிண்ணத்தைக் கையில் எடுத்தார். முன்னால் கறுப்பாய், வெள்ளையாய், பழுப்பாய் ஒரு பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள். மோந்து பார்த்தார், காற்றுதான் வந்தது. ஆனால் நல்ல சாஸ் பார்க்க எப்படி இருக்கும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. பளபளவென்று இருக்கும், கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிதானமாக வடியும். ஆகவே பளபளப்புக்கும் வடிவதற்கும் எது எது உதவுமோ அதையெல்லாம் ஊற்றினார். எள் விழுது, சோயா சாஸ், வினிகர், மீன் சாறு. நசுக்கின பூண்டு தாராளமாக. இன்னும் பளபளப்பு போதவில்லை. மேடையின் கோடியில் தங்க நிறத்தில் கெட்டியாக ஒன்று தனியே இருந்தது. அதில் இரண்டரைக் கரண்டி விட்டதும் சாஸ் கண்ணாடி போல் மின்னியது.

“மூணா, ரெண்டரையா மச்சான்?” என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை கேட்டார்.

“ரெண்டரை.”

“பாத்தியா,” என்று மாப்பிள்ளை தன் மனைவியிடம் சொன்னார், “நாமளா இருந்தா மூணு போட்டுக் கெடுத்திருப்போம்.”

தங்கை ஒவ்வொரு பாத்திரத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். நாலு பேரும் அதையே, அந்த அளவிலேயே கலந்து எடுத்துவந்தார்கள். ஐந்து கிண்ணம், ஐந்திலும் ஒரே மினுமினுப்பு.

தண்ணீர் கொதித்தது. நாக்கு அலசிக் காட்டினார். எல்லாரும் அலசினார்கள், தொட்டார்கள், வாயில் போட்டார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் கால் மேசைக்கு அடியில் பிரேக்கை மிதித்தது. தங்கை ஜன்னல் பக்கம் பார்த்து மென்றாள், மென்றாள், பிறகு பெருமூச்சோடு விழுங்கினாள். மகள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

“எப்படி?” என்றார் நாக்கு.

“ரொம்ப… ஆழமா இருக்குண்ணே” என்றாள் தங்கை.

“முதல்ல ஒரு மாதிரி இருக்கு” என்றார் மாப்பிள்ளை. “அப்புறம்…” இன்னொரு வாய் வைத்துக்கொண்டு யோசித்தார். “அப்புறமும் ஒரு மாதிரிதான் இருக்கு. அதான் இதோட விசேஷம்னு நினைக்கிறேன்.”

“அப்பா, இது இப்படித்தானா இருக்கணும்?” என்றாள் மகள்.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?” என்றார் மாப்பிள்ளை. “நானும் உன் கட்சிதான்மா. நாம பழகிக்கணும்.”

மனைவி நிதானமாகத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

அப்போது கடைக்கார அம்மாள் கறித் தட்டோடு வந்தாள். ஐந்து கிண்ணங்களையும் ஒரு பார்வை பார்த்தாள். “கோடியில இருந்தத யாராச்சும் ஊத்திட்டீங்களா? அது ஐஸ்கிரீம் மேல ஊத்துற மாம்பழ சிரப்பு.”

சட்டி மட்டும் கொதித்தது.

“தெரியும்மா” என்றார் மாப்பிள்ளை கம்பீரமாக. “எங்க மச்சான் ஒண்ணு ஊத்துனார்னா காரணம் இல்லாம ஊத்த மாட்டார். அவர் யார்னு உங்களுக்குத் தெரியாது.”

“மாம்பழம் கறிய மெத்துனு ஆக்கும்” என்றாள் தங்கை. “எங்கயோ படிச்சிருக்கேன்.”

கடைக்கார அம்மாள் நாக்கை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

தப்பித்துவிட்டார், பார்த்தீர்களா? ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தலையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும், மாம்பழ சிரப்புக்கும் மீன் சாறுக்கும் அன்றைக்கே கல்யாணம் முடிந்திருக்கும். ஊரில் பத்து வீட்டில் அதை வைத்துக்கொண்டு அழுதிருப்பார்கள். தலையை ஆட்டத்தான் அவர் போனார். அந்த நேரம் மனைவி இன்னொரு துண்டை அந்தச் சாஸில் முக்கி, வாயில் போட்டு, கண்ணை இறுக மூடி விழுங்கிவிட்டு, அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“பழகப் பழக நல்லாத்தாங்க இருக்கு. வீட்லயும் இதச் செஞ்சு பாக்குறேன்.”

ஐஸ்கிரீமில் ஊற்றுவதை அவள் அவருக்காக மென்று விழுங்குகிறாள். அதையும் நல்லா இருக்கு என்கிறாள்.

“தொடாதே” என்றார். “அத வெச்சுடு. எனக்கு ருசி தெரியல.”

“என்னங்க?”

“காய்ச்சலுக்கு அப்புறம் எதுவும் தெரியல. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. பாக்கப் பளபளன்னு இருந்துச்சுன்னு ஊத்துனேன்.”

யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை பெரிதாகச் சிரித்தார். “மச்சான் நம்மள சோதிக்கிறார்! நாம நல்லா இருக்குன்னு சொல்றோமா, உண்மையச் சொல்றோமான்னு பாக்குறார்.” நாக்கு இல்லை என்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளை எழுந்து போய் இரண்டு கரண்டியில் எதையோ கொண்டுவந்தார். “கண்ண மூடுங்க மச்சான். இது என்ன?”

“தெரியல மாப்ள.”

“இது?”

“பொடி மாதிரி இருக்கு. கரையுது.”

“முதல்ல குடுத்தது உப்பு. இது சர்க்கரை” என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கிவிட்டது. கரண்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தன் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளிவைத்தார். தங்கையும் தள்ளிவைத்தாள். வயிற்றில் கைவைத்து, “அண்ணே, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றாள்.

மனைவி மட்டும் நகரவில்லை. அவள் மனசு ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நிறுத்த வழியில்லை.

“அப்போ அந்த மீனு?” என்றாள்.

“தெரியல.”

“கீரை? ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனீங்களே.”

“தெரியல.”

“எங்க அக்காகிட்டச் சொன்னேன்.”

“கேட்டேன். குளிச்சிட்டிருந்தேன். அதனாலதான் அப்புறம் சொல்ல முடியல.”

அவள் குச்சிகளைத் தட்டின்மேல் சரியாக வைத்துவிட்டு எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று மகள் பின்னாலேயே எழுந்தாள். “இரு” என்றாள் அத்தை. மனைவி அழவில்லை. சாஸ் மேடைக்குப் போனாள். ஒரு சின்னக் கரண்டியை எடுத்து, முதல் பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அடுத்ததில் ஒரு சொட்டு. அதற்கடுத்ததில் ஒரு சொட்டு. துணிக்கடையில் இரண்டு துணியின் நிறம் சேருமா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவள் மாதிரி, அவசரமே இல்லாமல் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கடையில் சாப்பிடும்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கும்வரை அவள் காத்திருந்தாள். அவர் சொன்னதே அவளுக்கும் ருசி. தன் நாக்கைத் தனியாக அவள் எங்கேயும் அழைத்துப் போனதே இல்லை.

கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். பார்க்க அது ஒன்றும் பிரமாதமாக இல்லை. கலங்கலாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு துண்டு கறியை எடுத்து, இரண்டு அலசு அலசி, தொட்டுச் சாப்பிட்டாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதையும் எடுக்கப் போனபோது மகள் தன் துண்டை அம்மாவின் கிண்ணத்தில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

“அம்மா!” என்றாள். “என்ன போட்டே?”

தங்கையும் தொட்டாள். மாப்பிள்ளையும் நீட்டினார். பிறகு சட்டியில் குச்சி உரசுகிற சத்தம்தான். “அண்ணி, எந்திரிங்க, வந்து எனக்கும் கலக்கிக் குடுங்க” என்றாள் தங்கை. “எனக்கும்” என்றார் மாப்பிள்ளை. அப்புறம் மச்சானைப் பார்த்து, “தப்பா நினைக்காதீங்க” என்றார்.

நாக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி அது.

“எப்படி இருக்கு?” என்றார்.

அவள் பதில் சொல்வதற்கு முன் வாயிலிருந்ததை முழுவதும் மென்று முடித்தாள்.

“எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு கூடிடுச்சு. கறி நல்ல கறி. கடை நல்ல கடைதான் பாத்திருக்கீங்க.” வாயைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க மூணு மாசமா சொன்னத நான் கணக்குல வெச்சுக்கல. அதுக்கு முன்னாடி சொன்னதையும் வெச்சுக்கல. என் சமையல் நல்லாத்தான் இருக்கும். எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் ஒரு நாக்கு இருக்கு.”

“சரி” என்றார் அவர்.

“சரின்னு சொல்லாதீங்க. அதுவும் உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது” என்றார்.

மாப்பிள்ளையின் கால் கீழே மெல்லப் பிரேக்கிலிருந்து எழுந்தது. மகள் இன்னும் இரண்டு தட்டுக் கறி சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் மனைவி தன் நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நாக்கு நின்றுகொண்டு வந்தார். மூன்று நிறுத்தம் போன பிறகு, அவள் திரும்பிப் பார்க்காமலே தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அரை ஆள் உட்காரலாம். அவர் பெருத்திருந்தார், ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்திருக்கிறவர்கள் பார்த்து எழுந்திருங்கள். உங்கள் வீட்டு உலை ஒருநாளும் வெறுமையாகக் கொதிக்க வேண்டாம். சமைக்கிற கைக்கு வலி வராமல், சாப்பிடுகிற வாய்க்குப் பொய் வராமல், ஒரே சட்டியைச் சுற்றி எல்லாரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடும்படி உங்கள் குடும்பம் நிறைந்து இருக்கட்டும்.